அறுபது கிரெடிட்டும் கொழும்புச் சனிக்கிழமையும்

இலங்கையில் பல்கலைக்கழகத்துக்கு மாணவரைத் தெரிவு செய்யும்போது மன்னார் என்ற பெயருக்கு ஓர் எடை உண்டு. கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகின்றன. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி பங்கிடப்படுகிறது. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று கணக்கெடுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகிறது. மன்னார் அவற்றில் ஒன்று. பேசாலையிலோ எருக்கலம்பிட்டியிலோ சிலாவத்துறையிலோ உயர்தரம் படித்த பிள்ளைக்கு, கொழும்புப் பிள்ளைக்குக் கிடைத்த ஆய்வுகூடமும் ரியூசனும் கிடைத்திராது என்பதை அரசு ஒப்புக்கொண்டு, இசட் புள்ளியில் கொஞ்சம் இறங்கி வருகிறது. எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தலை யாழ்ப்பாணம் இன்றும் கசப்போடுதான் நினைக்கிறது. மாவட்ட ஒதுக்கீட்டைப் பற்றி மன்னாரில் பேசிப் பாருங்கள், கதை அவ்வளவு கசக்காது.

அதே பிள்ளை நான்கு வருடம் கழித்துக் கணினி விஞ்ஞானத்தில் சிறப்புப் பட்டத்தோடு வெளியே வந்து முதுமாணிக்கு விண்ணப்பிக்கும்போது இந்தக் கணக்கு முழுவதும் மறைந்துவிடுகிறது. மாவட்டம் இல்லை. மகாபொல புலமைப்பரிசில் இல்லை. இலவசக் கல்வி இளமாணியோடு முடிகிறது. பாடநெறி முதுமாணிக்குக் கட்டணம் கட்ட வேண்டும், அதுவும் லட்சக் கணக்கில். வகுப்புகள் வேலை செய்பவர்களுக்காகச் சனி, ஞாயிறுகளில் வைக்கப்படுகின்றன. கொழும்பிலோ மொறட்டுவையிலோ வேலை செய்பவருக்கு அது வசதி. மன்னாரில் வேலை செய்பவருக்கு அதுவே முதல் தடை. முதுமாணிப் பட்டம் முடிக்க என்ன தேவை என்ற கேள்விக்குக் கையேட்டில் ஒரு பதில் இருக்கிறது. மன்னார் பஸ் நிலையத்தில் வெள்ளிக்கிழமை இரவு இன்னொரு பதில் நிற்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு படிகள்

கையேட்டிலிருந்தே தொடங்குவோம். 2012 இல் வெளிவந்து 2015 இல் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைகள் சட்டகம், சாதாரண தரத்திலிருந்து கலாநிதிப் பட்டம் வரை 12 படிகளை வகுத்திருக்கிறது. எல்லாரும் எஸ்.எல்.கியூ.எஃப். என்றுதான் சொல்வார்கள். மூன்று வருடப் பொதுப் பட்டம் 5 ஆம் படி, 90 கிரெடிட். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6 ஆம் படி, 120 கிரெடிட். அதற்கு மேல் 20 கிரெடிட் எடுத்தால் பட்டப்பின் சான்றிதழ், 25 எடுத்தால் பட்டப்பின் டிப்ளோமா. 30 கிரெடிட் பாடங்களை மட்டும் படித்து முடித்தால் 9 ஆம் படி முதுமாணி. பாடத்தோடு ஆய்வும் சேர்ந்து 60 கிரெடிட் எடுத்தால் 10 ஆம் படி முதுமாணி. அந்த 60 இல் குறைந்தது 15 ஆய்வாக இருக்க வேண்டும். 11 ஆம் படி எம்.பில்., இரண்டு வருட முழுநேர ஆய்வு. 12 ஆம் படி கலாநிதி.

9 ஆம் படியும் 10 ஆம் படியும் ஊர்ப்பேச்சில் ஒன்றுதான்: "மாஸ்டர்ஸ் முடிச்சிட்டார்." சுவரில் மாட்டும் சட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரிவது பிறகு. பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்தவர் நிரந்தரமாக வேண்டுமானால் ஆய்வுப் பகுதி உள்ள பட்டம் கேட்பார்கள். கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தால் ஆய்வேடு எங்கே என்பார்கள். ஒரு வருடத்தில் முடிகிறது என்ற கவர்ச்சியில் 9 ஆம் படியைத் தேர்ந்தெடுத்து, மூன்றாம் வருடம் திரும்பவும் வரிசையில் நிற்பது இரட்டைச் செலவு. பதவி உயர்வுக்காகவோ தொழில் மாறுவதற்காகவோ படிப்பவருக்கு 9 ஆம் படி போதும். அவர் 60 கிரெடிட்டைச் சுமக்கத் தேவையில்லை. எந்தப் படி என்று முதலில் முடிவெடுப்பதுதான் இந்தப் படிப்பின் முதல் நிபந்தனை என்பேன், எந்தக் கையேட்டிலும் அது அப்படி எழுதப்படாவிட்டாலும்.

இனி அந்தக் கிரெடிட்டை மணித்தியாலமாக மாற்றிப் பார்ப்போம். சட்டகத்தின்படி வகுப்பறைப் பாடத்தில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலம். விரிவுரையில் இருப்பது, வீட்டில் வாசிப்பது, ஒப்படை எழுதுவது, பரீட்சை எல்லாம் அதற்குள் அடக்கம். ஆய்வில் ஒரு கிரெடிட் குறைந்தது 100 மணித்தியாலம். 10 ஆம் படியில் 45 கிரெடிட் பாடம், 15 கிரெடிட் ஆய்வு என்று வைத்தால் பாடத்துக்கு 2250, ஆய்வுக்கு 1500, ஆக மொத்தம் 3750 மணித்தியாலம். இரண்டு வருடத்தின் 104 வாரங்களில் பரப்பினால் வாரத்துக்கு 36 வருகிறது. கிட்டத்தட்ட இன்னொரு முழுநேர வேலை. வேலை செய்துகொண்டே இரண்டு வருடத்தில் முடிக்கலாம் என்று விளம்பரத்தில் இருப்பதை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். மாணவர் சோம்பேறியாக இருந்ததால்தான் நாலு வருடம் இழுத்தது என்று சொல்ல முடியாது.

வெளிநாட்டு எண்களோடு ஒப்பிடும்போது கவனம் தேவை. பிரித்தானியாவில் ஒரு வருட முதுமாணிக்கு 180 கிரெடிட். ஆனால் அங்கே ஒரு கிரெடிட் 10 மணித்தியாலம், எனவே மொத்தம் 1800. அதில் மூன்றில் ஒரு பங்கு, 60 கிரெடிட், பொதுவாக இறுதி ஆய்வுக்குப் போகும். ஐரோப்பாவின் இரண்டு வருட முதுமாணி 120 ஐரோப்பியக் கிரெடிட், ஒன்றுக்கு 25 முதல் 30 மணித்தியாலம். 3000 இலிருந்து 3600 வரை. அமெரிக்காவில் சாதாரணமாக 30 கிரெடிட் கேட்பார்கள். அங்கே ஒரு கிரெடிட் என்பது வாரம் ஒரு மணித்தியால வகுப்பும் இரண்டு மணித்தியால வீட்டு வேலையும், 15 வாரத்துக்கு. பெருக்கிப் பார்த்தால் 1350 அளவில்தான் வரும். ஆக, நமது 10 ஆம் படிப் பட்டம் தாளில் ஐரோப்பியப் பட்டத்தின் எடை கொண்டது. பிரித்தானிய ஒரு வருடப் பட்டத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை. லண்டனில் ஒரே வருடத்தில் முடித்த மைத்துனரைக் காட்டி வீட்டில் நடக்கும் விசாரணைக்கு இது தக்க பதில்.

எந்த வாசல்

நாட்டில் கணினி முதுமாணிக்கு முக்கியமான வாசல்கள் சில. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி 2002 இல், 1987 இல் தொடங்கிய கணினித் தொழினுட்ப நிறுவகமும் கணினி விஞ்ஞானத் துறையும் இணைந்து உருவானது. இரண்டின் வளர்ச்சிக்கும் பின்னால் பேராசிரியர் வி.கே. சமரநாயக்க நின்றார். அங்கே எம்.சி.எஸ். என்ற கணினி விஞ்ஞான முதுமாணியும் எம்.ஐ.டி. என்ற தகவல் தொழினுட்ப முதுமாணியும் தனித்தனியாக நடக்கின்றன. கணினி விஞ்ஞானத்தை அடிப்படையிலிருந்து படித்து வந்தவருக்கு முன்னது. வேறு துறையிலிருந்து வந்து கணினித் தொழிலில் ஊன்ற விரும்புபவருக்குப் பின்னது பொருந்தும். மொறட்டுவையில் கணினி விஞ்ஞான மற்றும் பொறியியல் துறை 1985 இலிருந்து இருக்கிறது. பேராதனையில் விஞ்ஞானப் பட்டப்பின் நிறுவகம் கணினி விஞ்ஞானத்திலும் முதுமாணி நடத்துகிறது. தனியார் பக்கம் 1999 இல் தொடங்கிய ஸ்லிட், 1990 இலிருந்து இயங்கும் ஐ.ஐ.டி. போன்றவை உண்டு, பின்னது வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் பட்டங்களைக் கொழும்பில் நடத்துவது.

வடக்கின் கதை வேறு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத் துறை 1991 இல் தொடங்கியது. தேசிய மின்வலை 1990 இல் அறுந்துபோன ஒரு குடாநாட்டில் கணினிக்கென்று ஒரு துறை தொடங்குவதற்கு ஒரு பிடிவாதம் வேண்டும். அதே 1991 இல் வடமாகாணத்துக்கான இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, 1997 இல் வவுனியா வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. அது இருப்பது பம்பைமடுவில், வவுனியாவிலிருந்து மன்னாருக்கு வரும் வீதியிலேயே. மன்னார் நகரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் வாசலில் இறங்கலாம். மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த பல பட்டதாரிகளின் இளமாணி அங்கேதான். கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலும் கணினிப் பொறியியல் உண்டு.

நுழைவுத் தகைமையில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. சிறப்புப் பட்டம் இருந்தால் நேரே. பொதுப் பட்டமோ வேறு துறைப் பட்டமோ என்றால் அனுபவமும் தெரிவுப் பரீட்சையும் நேர்முகமும் சேரும். இவற்றைவிட மன்னாருக்கு முக்கியமானது வெளிவாரி வாசல். கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 இல் தொடங்கிய பி.ஐ.டி. வெளிவாரிப் பட்டத்தில் விரிவுரைக்கு வரவு எடுப்பதில்லை. எங்கே, யாரிடம், எப்படிப் படித்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை; பரீட்சையில் சித்தியடைந்தால் போதும். வெட்டுப்புள்ளி தவறிய பிள்ளைக்கு, மீன்வாடியில் தகப்பனுக்கு உதவிக்கொண்டே படிக்கும் பிள்ளைக்கு, கலியாணம் முடித்து வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அது திறந்த வாசல். இளமாணிக்குச் சாத்தியமான இந்த ஏற்பாடு முதுமாணிக்கு வரும்போது ஏன் சுருங்குகிறது என்ற கேள்வியைப் பின்னால் எடுப்போம்.

படிக்கும் பாடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வழிமுறைகளின் சிக்கல், இயக்க முறைமை, வலையமைப்பு, தரவுத்தளம், இயந்திரக் கற்றல், பாதுகாப்பு ஆகியவை எல்லா இடத்திலும் ஏதோ ஒரு வடிவில் வரும். ஆய்வு முறையியல் என்று ஒரு பாடம் இருக்கும். பலர் அதைத் தூங்கிக் கழித்துவிட்டு ஆய்வேட்டில் அதற்கான வட்டியைக் கட்டுவார்கள். பாடமொழி ஆங்கிலம். தமிழில் உயர்தரம் எழுதிய பிள்ளை இளமாணி நான்கு வருடத்தில் ஆங்கிலப் பாடநூலை வாசிக்கப் பழகிவிடும். ஆங்கிலத்தில் 60 பக்கம் வாதிடப் பழகியிருக்காது. அது தெரியவருவது ஆய்வேட்டில்தான்.

கடைசி 15 கிரெடிட்

இந்தப் பட்டத்தின் முழுப் பாரமும் ஆய்வுப் பகுதியில் இருக்கிறது. பாடங்களில் தோற்றால் திரும்ப எழுதலாம், திகதி இருக்கிறது, பாடத்திட்டம் இருக்கிறது, கூடவே தோற்ற நண்பர்கள் இருக்கிறார்கள். ஆய்வில் இவை ஒன்றும் இல்லை. பாடங்களை முடித்து, டிப்ளோமாவுக்குத் தேவையானதையும் தாண்டிவிட்டு, ஆய்வேடு மட்டும் மிச்சம் என்று வருடக் கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். சட்டகம் இடையில் இறங்க வழி வைத்திருக்கிறது. போதிய கிரெடிட் இருந்தால் சான்றிதழோ டிப்ளோமாவோ பெற்று வெளியேறலாம். அது நல்ல ஏற்பாடு. ஆனால் முதுமாணிக்கென்று கட்டணம் கட்டியவர் டிப்ளோமாவோடு வீட்டுக்குப் போக மனம் ஒப்பமாட்டார். பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் உச்சக் காலவரை முடிந்துபோகும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டிருக்கின்றன. ஒரே பட்டத்துக்கு அங்கே இரண்டு மூன்று பாதைகள்: ஆய்வேடு எழுதலாம், அல்லது சிறிய செயற்றிட்டம் செய்யலாம், அல்லது மேலதிகப் பாடங்கள் எடுக்கலாம், சில இடங்களில் கடைசியில் ஒரு பொதுப் பரீட்சை எழுதலாம். கோட்பாடு, முறைமை, பயன்பாடு என்று ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பாடமாவது எடுக்க வேண்டும், சராசரிப் புள்ளி 3.0 க்குக் கீழே போகக்கூடாது. ஆய்வுக்குப் போகாதவர் தண்டிக்கப்படுவதில்லை. நமது சட்டகத்திலும் 9 ஆம் படி அந்தப் பாதைதான். நம்மவர்கள் அதைக் குறைந்த பட்டமாகவே பார்ப்பதால் தேவையில்லாதவரும் 10 ஐயே பிடிக்கிறார்.

ஆய்வு நடக்கும் முறை எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலில் தலைப்பும் மேற்பார்வையாளரும். பிறகு முன்மொழிவு, குழு முன்னால் அதை நிலைநாட்டுதல். இடையில் முன்னேற்ற மதிப்பீடுகள். மனிதரின் தரவைத் தொட்டால் ஒழுக்கநெறி அனுமதி. எழுதி முடித்ததும் கருத்துத்திருட்டைப் பார்க்கும் மென்பொருள். பிறகு வைவா, பரீட்சகர் சொன்ன திருத்தங்கள், கட்டிய பிரதி. இவற்றில் மன்னார் மாணவரைத் தடுக்கிவிழச் செய்வது முதலாவது. மேற்பார்வையாளரின் அறை 300 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. கொழும்பு மாணவர் வேலை முடிந்து மாலை ஐந்து மணிக்கு அந்த அறைக் கதவைத் தட்டுவார். தேநீர் நேரத்தில் இன்னொரு மாணவரின் தவறைக் கேட்டுத் தன் தவறைத் திருத்துவார். தொலைவில் இருப்பவருக்கு மின்னஞ்சல் மட்டும். பதில் வராத மூன்று வாரம் என்பது ஆய்வில் ஒரு மாதப் பின்னடைவு.

தலைப்பில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. மேற்பார்வையாளர் கையில் ஏற்கெனவே உள்ள தரவில் ஒரு துண்டை வாங்கிக்கொள்வது. பாதுகாப்பான வழி. ஆனால் தொலைவில் இருப்பவருக்கு அது நட்டம், ஏனென்றால் அந்தத் தரவும் அதை அறிந்தவர்களும் கொழும்பில் இருக்கிறார்கள். மன்னாரில் இருப்பவருக்கு மன்னாரே தரவு. மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலையின் 30 விசையாழிகள், 103.5 மெகாவாட். அதற்குப் பக்கத்தில் வங்காலைப் பறவைகள் சரணாலயம், 2010 இலிருந்து ராம்சார் ஈரநிலம், பூநாரைகள் வந்திறங்கும் இடம். காற்றாலை வேண்டும், வேண்டாம் என்று தீவு பிரிந்து நின்று வாதாடியபோது இரு பக்கமும் பறவைகளைப் பற்றிப் பேசியது. படத்திலிருந்து பறவைகளை எண்ணும் நிரல் ஒன்று, நல்ல பயிற்சித் தரவோடு, ஒரு முதுமாணி ஆய்வுக்குத் தாராளமாகப் போதும். அதை எழுதுவதற்குக் கொழும்பு போகத் தேவையில்லை. ஒரு கமராவும் வங்காலைக் கரையும் போதும்.

கடல் இன்னொன்று. இந்திய றோலர்கள் எல்லை தாண்டி வருவதைப் பற்றித் தலைமன்னாரிலும் பேசாலையிலும் நாளும் பேச்சு. கையில் எண்ணிக்கை குறைவு. ஐரோப்பாவின் சென்டினல் செய்மதிகளின் ராடார்ப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இரவிலும் முகிலிலும் கடற்பரப்பைப் பார்க்கும் படங்கள் அவை. எந்த அளவுக் கலம் வரை அதில் பிடிபடும், சின்னப் படகு எங்கே தவறிப்போகும் என்று ஆராய்வதே நேர்மையான ஆய்வுக் கேள்வி.

மூன்றாவது, தமிழ். கணினிக்குத் தமிழ் கற்பிக்கும் வேலை இலங்கையில் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. கொழும்புக் கணினிக் கல்லூரியில் மொழித் தொழினுட்ப ஆய்வுகூடம் இருக்கிறது. மொறட்டுவையில் அரச ஆவணங்களைச் சிங்களம், தமிழுக்கிடையே மொழிபெயர்க்க Si-Ta என்ற முறைமையை உருவாக்கினார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கெங்காதரையர் சர்வேஸ்வரன், தமிழ்ச் சொல்லை வேரும் விகுதியுமாகப் பிரிக்கும் தமிழிமோர்ஃப் என்ற கருவியை மற்றவர்களோடு சேர்ந்து உருவாக்கி எல்லாருக்கும் திறந்துவிட்டிருக்கிறார். நூலகம் எண்ணிம நூலகம் 2005 இலிருந்து ஈழத்து எழுத்தை இணையத்தில் சேர்த்து வைக்கிறது. இவ்வளவு இருந்தும் மன்னார்க் கடற்கரைப் பேச்சு எந்தத் தொகுப்பிலும் போதியளவு இல்லை. வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று காற்றின் திசை பார்த்துக் கடலுக்குப் போகும் ஒருவர், "கச்சான் எழும்பிட்டுது" என்று தொலைபேசியில் சொன்னால் பேச்சறி மென்பொருள் கடலை விற்கும் கதை என்று நினைக்கலாம். வானிலை எச்சரிக்கைச் செயலி ஒன்று மீனவர் பேச்சில் பேச வேண்டுமானால் யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்தப் பேச்சைப் பதிவுசெய்து, எழுத்தாக்கி, பெயரிட வேண்டும். 1500 மணித்தியால ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை

இப்போது பஸ் நிலையத்துக்கு வருவோம். மன்னாரிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். புத்தளத்துக்குக் கரையோரமாக வில்பத்துக் காட்டினூடே போகும் குறுக்குப் பாதை நெடுநாளாகச் சர்ச்சையில் கிடக்கிறது. எனவே மதவாச்சி, அநுராதபுரம் சுற்றித்தான் போக வேண்டும். 1990 இல் நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015 மார்ச் 14 இல்தான் மீண்டும் தலைமன்னார் வரை வந்தது. அந்த 25 வருடத்தில் ஒரு தலைமுறை இளமாணிக்கே அல்லாடியது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் புத்தளம் முகாம்களிலிருந்து படித்தார்கள். முதுமாணி பற்றி யோசிக்க அப்போது யாருக்கும் நேரம் இல்லை. இன்று யோசிப்பவர்களுக்கு வெள்ளி இரவு பஸ், சனி, ஞாயிறு வகுப்பு, ஞாயிறு இரவு பஸ், திங்கள் காலை கந்தோர். பெண்கள் என்றால் சனிக்கிழமை இரவு தங்குமிடத்துக்கு இன்னொரு தேடல், இன்னொரு செலவு. கையேட்டில் 80 வீத வரவு என்று ஒரு வரி இருந்தால் அது மொறட்டுவைக்காரருக்கு வெறும் வரி. மன்னார்க்காரருக்கு மாதம் நான்கு தடவை போய்வரும் பயணம்.

ஒரு காலத்தில் கல்விக்கான பாதை மன்னார்த் தீவின் நடுவாகப் போனது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தார். 1914 இல் தலைமன்னார் தனுஷ்கோடிக் கப்பல் தொடங்கியபின் சென்னைக்குப் படிக்கப் போனவர்கள் மன்னாரைக் கடந்துதான் போனார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் மிச்சமிருந்த கப்பலும் எண்பதுகளில் நின்றது. இன்று இந்தியாவுக்குப் படிக்கப் போக மன்னாரிலிருந்து நேர்வழி இல்லை.

2020 இல் கொவிட் தொற்று வந்தபோது பல்கலைக்கழகங்கள் இணையவழிக்கு மாறின. லேர்ன் என்ற கல்வி வலையமைப்பு ஸூமைப் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைக்கச் செய்தது. மன்னாரில் இருந்தபடி கொழும்பு விரிவுரையைக் கேட்பது சாத்தியம் என்பது அன்று நிரூபிக்கப்பட்டது. 2022 இல் எரிபொருள் இல்லாமல் பஸ் ஓடாதபோதும் அதே வழி கைகொடுத்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் போனது வேறு கதை. நெருக்கடி முடிந்ததும் இடத்துக்கு இடம் ஒவ்வொரு விதமாகத் திரும்பினார்கள். விரிவுரை இணையத்தில் நடக்கலாம் என்பதை இப்போது பலரும் ஏற்கிறார்கள். பரீட்சை மண்டபமும் வைவா அறையும் மட்டும் கொழும்பை விட்டு அசையவில்லை. அவற்றை அசைப்பது விரிவுரையை அசைப்பதைவிட இலகு. பரீட்சைக்கு வேண்டியது ஒரு மண்டபம், மேசை, நம்பகமான கண்காணிப்பாளர். க.பொ.த. பரீட்சையை ஒவ்வொரு வருடமும் தீவு முழுக்க நடத்தும் நாடு இது.

மற்ற வழிகள்

ஜோர்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2014 ஜனவரியில் இணையவழிக் கணினி விஞ்ஞான முதுமாணியைத் தொடங்கியபோது மொத்தச் செலவு 7000 டொலருக்குக் கீழ் என்று அறிவித்து உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தது. 10 பாடம், 30 கிரெடிட், ஆய்வேடு கட்டாயம் இல்லை. தொடக்கத்தில் குறிப்பிட்ட பாடங்கள் இரண்டில் பி தரமாவது எடுக்க வேண்டும். ஆறு வருடம் வரை இழுக்கலாம். அமெரிக்காவுக்கு மலிவு, ஒரு டொலர் 300 ரூபாய் விற்கும் நாட்டில் 20 லட்சம். கொழும்பு போய்வரும் செலவையும் இழந்த வார இறுதிகளையும் உள்ளூர்க் கட்டணத்தோடு கூட்டினால் இடைவெளி கொஞ்சம் குறையும், மறையாது.

தமிழ்நாட்டில் எம்.எஸ்சி. கணினி விஞ்ஞானமும், 2020 இலிருந்து மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்த எம்.சி.ஏ.வும் உண்டு. கடைசிப் பருவம் பொதுவாகச் செயற்றிட்டத்துக்கு. இலங்கை மாணவர் முதுமாணி படிக்க இந்திய அரசின் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் இருக்கிறது. கொமன்வெல்த் புலமைப்பரிசில்களும் இருக்கின்றன. மன்னாரிலிருந்து விண்ணப்பிப்பவர் குறைவு என்பது என் அபிப்பிராயம். அறிவித்தல் வந்ததே பலருக்குத் தெரிவதில்லை. எந்த நாட்டுப் பட்டமானாலும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கும் சர்வதேசப் பட்டியல்களில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முகவரின் வண்ணக் கைநூலில் அது இராது.

எம்.பில். பற்றி ஒரு சொல். வகுப்பு இல்லாத, முழுவதும் ஆய்வான பட்டம் என்பதால் சனிக்கிழமைப் பிரச்சினை அதில் பெரிதாக இல்லை. யாழ்ப்பாணத்தின் பட்டப்பின் கற்கைகள் பீடத்தின் கீழ் ஆய்வுப் பட்டத்துக்குப் பதியலாம். கையில் தலைப்பும் மனதில் உறுதியும் உள்ளவருக்கு அது பாடநெறி முதுமாணியைவிட நேரான பாதை. உறுதி இல்லாதவரை அது விழுங்கிவிடும்.

இனி முன்னே ஒத்திவைத்த கேள்வி. இளமாணிக்கு வரவு கேட்காத வெளிவாரி வழியை 2000 இலேயே கண்ட நாடு, முதுமாணிக்கு இன்னும் ஒரு நகரத்தின் வார இறுதியை ஏன் கேட்கிறது? தரம் என்பார்கள். தரம் பரீட்சையிலும் ஆய்வேட்டிலும் அளக்கப்படுகிறது. மாணவர் எந்த நாற்காலியில் இருந்து விரிவுரையைக் கேட்டார் என்பதில் அல்ல. உண்மையான காரணம் பழக்கமும் கட்டணப் பாடநெறிகளின் பொருளாதாரமும் என்றே நினைக்கிறேன்: கொழும்பைச் சுற்றியே போதிய மாணவர் கிடைக்கும்போது மன்னாருக்காக யாரும் மினக்கெட வேண்டியதில்லை.

கேட்க வேண்டியது பெரிய காரியம் இல்லை. மன்னாரில் புதுப் பல்கலைக்கழகம் கட்டத் தேவையில்லை. பம்பைமடுவைப் பரீட்சை நிலையமாகவும் வைவா அறையாகவும் தெற்கின் பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் செய்து பயன்படுத்தட்டும். ஒவ்வொரு வடபகுதி மாணவருக்கும் கொழும்பில் ஒரு மேற்பார்வையாளரோடு யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இணை மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கட்டும். இளமாணிக்கு மன்னாரைப் பின்தங்கிய மாவட்டம் என்று எழுதிவைத்த ஆணைக்குழு, கட்டண முதுமாணிப் பாடநெறிகளில் அந்த 16 மாவட்டங்களுக்குச் சில இடங்களையாவது இலவசமாக ஒதுக்கட்டும். தரப்படுத்தல் காலத்துப் பழைய சண்டை இதில் எழாது. யாருடைய இடமும் யாருக்கும் போகப்போவதில்லை.

அது நடக்கும்வரை விண்ணப்பிக்கப்போகும் மன்னார்ப் பட்டதாரிக்கு: படிவம் நிரப்புவதற்கு முன் பட்டப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். இது 9 ஆம் படியா, 10 ஆம் படியா? விரிவுரையில் எவ்வளவு இணையவழியில், பரீட்சையும் வைவாவும் எங்கே? உங்கள் தலைப்பை ஏற்கும் மேற்பார்வையாளர் யார்? இடையில் நின்றால் என்ன சான்றிதழ், உச்சக் காலவரை எத்தனை வருடம்? பதில் எழுத்தில் கைக்கு வரும்வரை முதல் தவணைக் கட்டணத்தைக் கட்டாதீர்கள்.